ஓலைத்தொடுவாயிற் கூழ்

மன்னார்த் தீவுக்கு வரும் வெளியூரார், "இவ்வூர்ப் பழைய சாப்பாடு எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்பதுண்டு. சோறும் கறியும் பரோட்டாவும் கடைகளில் உண்டு. ஆனால், பழைய சாப்பாடு வேண்டுமெனில் ஓலைத்தொடுவாய் போன்ற கரையோரச் சிற்றூர்களின் வீட்டு முற்றங்களுக்கே போதல் வேண்டும். அது ஏன் கடைக்கு வரவில்லை என்பதிலே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது.

தொடுவாய் என்பது நீர் கடலைத் தொடும் வாய். ஓலையோ பனையினுடையது. கடலும் பனையும் ஆகிய இரண்டுமே இவ்வூர்ப் பெயரில் அமைந்துவிட்டன. தீவின் மணல் நெல்லுக்கு ஏற்றதன்று. கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் நெல் பெருநிலத்துக்கு உரியது. ஆகவே தீவார் பனையையும் மீனையும் நம்பியே அடுப்பு மூட்டினர்.

பனம்பழத்தின் களியைப் பாயிற் பரப்பி வெயிலிற் காயவைத்தால் பனாட்டு. விதைகளை மணற்பாத்தியிற் புதைத்தால், சில திங்களில் கிழங்கு இறங்கும். அதனை அவித்துக் காயவிட்டது புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காயவிட்டது ஒடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவைத்து, மேல்நீரை வடித்து வடித்துக் கைப்பைப் போக்குவர். இதிற் கைப்பழக்கம் வேண்டும். ஏட்டிற் படித்து வருவதன்று. பின்னர் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைப் பெரும்பானையில் வேகவிட்டு, இடித்த செத்தல் மிளகாயும் புளியும் கூட்டி, மாவைக் கரைத்து ஊற்றினால் ஒடியற்கூழ். வடபகுதி முழுவதற்கும் உரிய இக்கூழைக் குடிக்கும் கலமும் பனையோலையிற் கோலிய பிளாவே.

தொன்மையானது என்று நாம் பெருமை பேசும் இக்கூழில் இரண்டு விருந்தாளிகள் இருக்கின்றனர். மிளகாய் அமெரிக்கக் கண்டத்தது. பறங்கியர் கப்பலேறி இந்துமாக்கடலுக்கு வந்தது. அப்பறங்கியர் மன்னாரைக் கைப்பற்றியது 1560ஆம் ஆண்டில். அதற்குமுன் உறைப்புக்கு மிளகே இருந்தது. மிளகுபோல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டனர் நம்மவர். மரவள்ளியும் தென்னமெரிக்காவினதே; இலங்கைக்கு வந்தது ஒல்லாந்தர் காலத்தில். பெரு நாட்டுத் தலைநகராகிய லீமாவில் பச்சைமீனை எலுமிச்சஞ் சாற்றில் ஊறவைத்து மிளகாயோடு உண்பர். அவர்களுடைய மிளகாய் நம் மீனோடு கூடியதுதான் நாம் குடிக்கும் கூழ். லீமாவார் தம் மீனுணவைக் கடைதோறும் வைத்து உலகத்தை அழைக்கின்றனர். நாம் நம்முடையதை ஏழை வீட்டுக் கஞ்சி என்று ஒளித்துவைத்தோம்.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிற்று. புகையிரதம் தீவை ஊடறுத்தது. கருவாடு வெளியே போக, அரிசியும் மாவும் உள்ளே வருதல் எளிதாயிற்று. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு அரிசியோடு கோதுமை மாவும் பாணும் அடுக்களைக்குள் நுழைந்தன. போர் முடிந்த பின்னும் அவை வெளியேறவில்லை. திங்கட்கணக்கிற் காத்திருந்து பெறும் ஒடியலுக்கு முன்னே, ஒரு நாழிகையில் வாங்கும் பாண் வென்றதில் வியப்பில்லை.

உள்நாட்டுப் போர் இன்னும் கொடிதாயிற்று. காவலரண்களுக்காக வடக்கில் எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. 1990இல் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழரும் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். பாத்தி போட நிலமும் மா வடிக்கக் காட்டித்தரப் பாட்டியும் ஒரே வீட்டில் இல்லாமற் போயின. புகையிரதம் 2015இல் தலைமன்னாருக்கு மீண்டது. கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் மீள்வதன்று.

1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையின் முயற்சியால் ஒடியல் மா பொதிகளிற் கிடைக்கிறது. வடமாகாண நகரங்களில் மகளிர் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் உள்ளூர்ப் பண்டங்களை மதிப்போடு பரிமாறுகின்றன. இவை நல்லனவே. ஆயினும் கூழ் நால்வருக்கென ஆக்கப்படுவதன்று. சுற்றத்தாரைக் கூட்டி ஒரு பானை வைப்பதே வழக்கம். மன்னாருக்குப் போவோர் மாசி, பங்குனியில் போகட்டும்; ஒடியல் முற்றங்களிற் காயும் காலம் அது. கடையை விசாரியாமல், கரைவலையிற் கிடைத்த மீனோடு வீடு திரும்பும் ஒருவரை விசாரிக்கட்டும்.