மூளையில் துத்தநாகமும் மெட்டல்லோதயோனினும்

மெட்டல்லோதயோனின் என்பது துத்தநாகம், செம்பு, காட்மியம் முதலிய உலோக அயனிகளைப் பிணைத்துக்கொள்ளும் சிறு புரதக் குடும்பம். 1957இல் மார்கோஷஸ், வல்லீ ஆகியோர் குதிரையின் சிறுநீரகத்தில் இதைக் கண்டறிந்தனர். அன்று ஆய்வாளர்களை ஈர்த்தது காட்மியம். மூளையைப் பொறுத்தவரை முதன்மையானது துத்தநாகமே.

பாலூட்டிகளின் மெட்டல்லோதயோனினில் அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள்தான். அவற்றுள் 20 சிஸ்டைன்கள். இவற்றின் கந்தக அணுக்கள் 4, 3 என இரு கொத்துகளாக ஏழு துத்தநாக அயனிகளைப் பிடித்துவைக்கின்றன. பிடி உறுதியானது, ஆனால் பூட்டியது அன்று. ஆக்சிஜனேற்றமோ நைட்ரிக் ஆக்சைடோ கந்தகத்தைத் தாக்கினால் துத்தநாகம் விடுபடும்.

நரம்பணுவில் துத்தநாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதனோடும் பிணையாமல் உலவுவது மிகமிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைக் காப்பதே ஒழுங்குமுறையின் சாரம். ஹிப்போகேம்பஸிலும் பெருமூளைப் புறணியிலும் சில நரம்பணுக்கள், இசட்என்டி-3 என்னும் கடத்திப் புரதத்தின் துணையோடு, குளூட்டமேட் நிரம்பிய நுண்பைகளில் துத்தநாகத்தையும் சேர்த்துவைக்கின்றன. சைகையோடு வெளிவரும் துத்தநாகம் குளூட்டமேட்டுக்கான என்எம்டிஏ ஏற்பிகளை அடக்குகிறது. வலிப்பிலும் பக்கவாதத்திலும் அதே துத்தநாகம் நரம்பணுக்களுக்குள் அளவு மீறிக் குவிந்து அவற்றைக் கொல்கிறது.

உள்ளே துத்தநாகம் கூடும்போது எம்டிஎஃப்-1 என்னும் புரதம் அதை உணர்ந்து, மெட்டல்லோதயோனின் 1, 2 ஆகியவற்றுக்கான மரபணுக்களையும், துத்தநாகத்தை வெளியேற்றும் இசட்என்டி-1க்கான மரபணுவையும் முடுக்கிவிடுகிறது. மூளையில் இந்த 1, 2 வகைகள் பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்னும் துணையணுக்களில் காணப்படுபவை.

மூன்றாம் வகையின் போக்கு வேறு. 1991இல் ஜப்பானிய ஆய்வாளர் உச்சிதாவின் குழு, நரம்பணு வளர்ச்சியைத் தடுக்கும் காரணியாக இதை மனித மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. 68 அமினோ அமிலங்கள் கொண்ட இது முக்கியமாக மைய நரம்பு மண்டலத்துக்கு உரியது. துத்தநாகம் கூடினாலும் இதன் உற்பத்தி பெரிதாக ஏறுவதில்லை. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இது குறைந்திருப்பதாக அக்குழு அறிவித்தது. பின்வந்த ஆய்வுகளில் சில அதை ஏற்கவில்லை. ஆயினும் நோயோடு இதற்குள்ள தொடர்பைப் புறந்தள்ள முடியாது: அமிலாய்டு பீட்டாவோடு பிணைந்த செம்பைத் தான் வாங்கிக்கொண்டு துத்தநாகத்தைக் கொடுத்து, செம்பால் விளையும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளை இது தடுப்பதைச் சோதனைக்குழாய் ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதை வெறும் காப்புப் புரதம் என்று வகைப்படுத்துவது பிழை. மூன்றாம் வகை நீக்கப்பட்ட எலிகளுக்குக் கைனிக் அமிலத்தால் வலிப்பு உண்டாக்கியபோது, ஹிப்போகேம்பஸின் சிஏ-3 பகுதியில் அணுச்சாவு கூடியது; சிஏ-1 பகுதியில் குறைந்தது. சிஏ-3இல் நுண்பைகளிலிருந்து பாயும் துத்தநாகத்தை இப்புரதம் உறிஞ்சிக்கொள்வதாகக் கருதப்படுகிறது. சிஏ-1இலோ அணுவுக்குள் கொல்லும் துத்தநாகத்தில் ஒரு பங்கு இப்புரதமே விடுவித்ததாக இருக்கலாம்.