சரிந்து நின்ற தானியக் களஞ்சியம்

கட்டடம் சாய்ந்தால் சிமெண்டையும் கம்பியையும்தான் முதலில் குறை கூறுகிறோம். கனடாவின் வின்னிபெக் நகருக்கு அருகே டிரான்ஸ்கோனாவில் நடந்ததைக் கேளுங்கள்.

கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் அங்கு 10 லட்சம் புஷல் கொள்ளளவுள்ள கான்கிரீட் களஞ்சியத்தைக் கட்டியது. 1913 அக்டோபர் 18ஆம் தேதி, ஏறத்தாழ 875,000 புஷல் தானியம் நிரம்பியிருந்தபோது, ஒரே மணி நேரத்தில் களஞ்சியம் ஓர் அடி மண்ணுக்குள் இறங்கியது. பிறகு சாயத் தொடங்கி, மறுநாளுக்குள் ஏறக்குறைய 27 பாகை சரிந்து நின்றது. கட்டடம் உடையவில்லை! தாங்க முடியாமல் போனது மண்தான்.

மண்ணைச் சோதிக்காமலா கட்டினார்கள்? சோதித்தார்கள். அஸ்திவாரக் குழியில் சிறிய பரப்பில் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். சிறிய பரப்பின் பாரம் ஆழமாக இறங்காது. களஞ்சியத்தின் அடித்தளமோ 77 அடி அகலம். அதன் பாரம், மேலிருந்த கெட்டிக் களிமண்ணைக் கடந்து, கீழிருந்த இளகிய களிமண்ணை அழுத்தியது. சோதனை அந்த அடுக்கை எட்டவே இல்லை. சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்துக் கடல் களிமண்ணில் கட்டுவோர் ஆழத் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

பாறைவரை தூண்கள் இறக்கி, ஜாக்கிகளால் களஞ்சியத்தை நிமிர்த்தி, மீண்டும் பயன்படுத்தினார்கள். அந்தத் துணிச்சல் தனிக்கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1951இல் அங்கு இடப்பட்ட துளைகளே. மண்ணின் தாங்குதிறனைக் கணக்கிடும் சூத்திரத்தை டெர்சாகி 1943இல் வெளியிட்டிருந்தார். துளைகளில் எடுத்த மண்ணின் வலிமையைப் பெக், பிரையன்ட் ஆகிய இருவரும் அச்சூத்திரத்தில் பொருத்திப் பார்த்தார்கள். கிடைத்த விடை, களஞ்சியம் சரிந்த நாளில் மண்மீது இருந்த பாரத்தை ஒட்டியே வந்தது.