எம்டன் மூழ்கடித்த நகரங்கள்

கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டெறிந்து எரித்த ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. அடுத்த மாதமே இந்தியப் பெருங்கடலில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலையும் அது மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் பாரிஸ், எடின்பரோ என்று பல நகரங்கள் பெட்டிகளுக்குள் இருந்தன. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பல்லாண்டுகளாகச் சேர்த்துவந்த வரைபடங்களும் நிழற்படங்களும் அவை. சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பை ஏற்று, ஒரு கண்காட்சி நடத்துவதற்காக அவர் இங்கு வந்துகொண்டிருந்தார்.

கெடிஸ் பொறியாளரல்லர், தாவரவியல் பேராசிரியர். பட்டம் எதுவும் பெறாமலே பேராசிரியரானவர் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். நண்பர்கள் ஐரோப்பாவில் அவசரமாகத் திரட்டி அனுப்பிய மாற்றுப் படங்களைக் கொண்டு, 1915 தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தேறியது.

நகரமைப்பு அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்திருந்த புதிய பாடம். சோப்பு வணிகர் லீவரின் கொடையால் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனித்துறை தோன்றிய ஆண்டு 1909. அங்கே அது கட்டடக்கலையின் நீட்சியாக, அழகிய சதுக்கங்களையும் நேரான சாலைகளையும் வரையும் கலையாக வளர்ந்தது. கெடிஸின் வழி வேறு. செடியை அதன் மண்ணிலும் நீரிலும் வைத்துப் படிப்பதைப் போல, ஊரை அதன் மக்களிலும் தொழிலிலும் நிலத்திலும் வைத்துப் படிக்கவேண்டும் என்றார். முதலில் ஆய்வு, பிறகே திட்டம்.

1915இல் அவர் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றி எழுதிய அறிக்கைகளில் நம்மை இன்றும் நிறுத்திவைப்பது தஞ்சாவூர் அறிக்கை. நெருக்கமான தெருக்களை இடித்துச் சதுரம் சதுரமாகச் சாலை போடுவதே அன்றைய நகராட்சிகளுக்குத் தெரிந்த சுகாதாரம். கெடிஸ் நடந்து பார்த்தார். எந்த வீடு பாழடைந்தது, எது இன்னும் உறுதியாக நிற்கிறது, எந்த மரத்தடியில் ஜனங்கள் கூடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். பாழ்மனைகளை மட்டும் அகற்றினால் சிறு திடல்கள் கிடைக்கும், சந்துகளுக்குக் காற்று வரும், பெரும்பாலான குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், செலவும் குறையும் என்பது அவர் கணக்கு. இடித்து விரட்டப்பட்ட ஏழைகள் மறைந்துபோவதில்லை, பக்கத்துத் தெருவின் நெரிசலாகிறார்கள் என்பதை அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தவர்களிடம், மீனும் வாத்தும் விடுங்கள் என்றார். நம் ஊர்களில் எத்தனை குளங்கள் பேருந்து நிலையங்களாயின என்று நினைத்துப் பார்க்கையில் அந்த வரிகள் உறுத்துகின்றன.

இந்த அறிவைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு பல்கலைக்கழகமும் வாய்த்தது. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியலையும் குடிமையியலையும் இணைத்து ஒரு துறையைத் தொடங்கி அவரைப் பேராசிரியராக்கியது. ஊரைப் படிப்பதும் ஊரை அமைப்பதும் ஒரே துறைக்குள் இருந்த அபூர்வமான காலம் அது. அங்கே அவரைக் கேட்ட மாணவர் ஜி. எஸ். குர்யே, பம்பாய் நகரைப் பற்றிய ஒரு கட்டுரையின் வழியாகவே வெளிநாட்டுப் படிப்புக்குத் தேர்வானார். கேம்பிரிட்ஜில் மானிடவியல் பயின்று திரும்பி, கெடிஸ் விட்டுச்சென்ற துறையை 1924இல் ஏற்றார். இந்தியச் சமூகவியலின் பெருமரம் அவர். எம். என். ஸ்ரீனிவாஸ் அவருடைய மாணவர். எனினும் சாதி, உறவுமுறை, பழங்குடி என்று துறை தன் பாதையை வகுத்துக்கொண்டபோது, திட்டமிடல் அதைவிட்டு நழுவிவிட்டது. குர்யே பிற்காலத்தில் நகரங்களைப் பற்றி எழுதாமலில்லை. ஆனால் அது ஓர் அறிஞரின் நூல், ஊர்களைத் திருத்தப் புறப்படும் மாணவனின் பயிற்சி அன்று.

சென்னை மாகாணம் 1920இல் நகரமைப்புச் சட்டம் இயற்றிவிட்டது. சட்டம் இருந்தது, அதை நிறைவேற்றுவோரைப் பயிற்றுவிக்கும் கல்வி இங்கே இல்லை. டெல்லியில் நகர, ஊரகத் திட்டமிடலுக்கென்று தனிப் பள்ளி 1955இல்தான் வந்தது. 1959இல் அது டெல்லி பாலிடெக்னிக்கின் கட்டடக்கலைத் துறையோடு இணைக்கப்பட்டது. பம்பாயில் சமூகவியலின் அருகே பிறந்த பாடம், டெல்லியில் வரைபலகையின் அருகே போய்ச்சேர்ந்தது. 1962இல் டெல்லிக்கான முதன்மைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தை வண்ணம் பிரித்துக் காட்டும் முறையே நகரமைப்பின் பொதுமொழியாகிவிட்டிருந்தது. வீட்டுத் திண்ணையிலேயே தறி போட்டிருப்பவனுக்கு அந்த வரைபடத்தில் எந்த வண்ணம்?

தஞ்சாவூர் உள்ளிட்ட அறிக்கைகளிலிருந்து சில பகுதிகளைத் தொகுத்து ஜாக்குலின் டிர்விட் 1947இல் லண்டனில் நூலாக்கினார். கெடிஸ் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. மூல அறிக்கைகளோ நகராட்சிகளுக்காகச் சிறு எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை.