வெள்ளிக்கிழமை யாருடையது?

தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆண்டுகளை வைத்துத்தான் எழுதுகிறார்கள். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். இதில் ஒன்றையும் என் பாட்டியிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. "அதெல்லாம் ஆபீசு விஷயம்யா" என்று தள்ளிவிடுவார். ஆனால் கிழமையைச் சொல்லிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார். செவ்வாய்க்கிழமை எந்த நிரையில் வெட்டினார், வியாழக்கிழமை இரவு என்ன குழம்பு, வெள்ளிக்கிழமை யார் வீட்டுப் பூசை. அவருடைய நினைவு வாரமாகத்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த வாரத்தையே ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்க முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு பாட்டியின் வாரம் என்றால் சமையல், கோயில், பேரப்பிள்ளைகள் என்று காலங்காலமாக இருக்கிற ஒன்றைப்போல நாம் நினைக்கிறோம். அது உண்மையில்லை. அதில் ஒவ்வொரு கிழமைக்கும் யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார்.

பாட்டி பிறந்தது ஜப்பான்காரன் காலத்தின் கடைசியில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். அவர் விவரம் தெரிந்து பார்த்த முதல் வாரம் அவசரகாலத்து வாரம். 1948இல் தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் ஜொகூர் மிகவும் கொந்தளிப்பாக இருந்த மாநிலங்களில் ஒன்று. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக அரிசிக்கு ரேஷன் வந்தது. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடை வந்தது. கம்பி வேலிக்கு வாசல், வாசலில் சோதனை. "எங்கம்மா விடியக்காலையில சோத்தத் தின்னுட்டு ஓடும். திரும்பி வர்ற வரைக்கும் பச்சத்தண்ணிதான்" என்பார். அவசரகாலம் பற்றிய நூல்களில் இதற்கு 'உணவு மறுப்பு நடவடிக்கை' என்று பெயர். பாட்டிக்கு அது அம்மா பசியோடு திரும்பிய மத்தியானங்கள்.

பதினான்கு வயதில் அவரும் உளி பிடித்தார். பால்மரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விடியலின் குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கும் பால் நாளங்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற அது குறைந்து பால் வடிவது நின்றுவிடும். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு. மழை பெய்தால் ஈரப்பட்டையில் பால் தாரை விட்டு வழிந்து வீணாகும், மங்கில் தண்ணீர் சேரும். அன்று வெட்டு இல்லை, வெட்டுக்கூலியும் இல்லை. ஒரே மரத்தைத் தினமும் வெட்டினால் மரம் காய்ந்துவிடும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். வெட்டுகிறவருக்கு அப்படி இல்லை. இன்றைக்கு ஒரு நிரை, நாளைக்கு இன்னொரு நிரை. மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு, ஆளுக்கு வாரத்தில் ஒரே ஒருநாள்.

அந்த ஒருநாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு தர வேண்டும் என்கிறது. எந்த நாள் என்பதை முதலாளி முடிவு செய்வார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சிலாங்கூர், பேராக் பக்கம் பொதுவிடுமுறை ஞாயிறு. ஜொகூரிலும் கெடா, கிளந்தான், திரெங்கானுவிலும் வெள்ளி. சுல்தானின் அரசாங்க அலுவலகத்துக்கு வெள்ளி விடுமுறை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் வெள்ளி விடுமுறை. பாட்டியின் தோட்டத்தில் பெரட்டு இல்லாத நாளும் வெள்ளிதான்.

இங்கேதான் ஒரு விநோதமான பொருத்தம் நடந்தது. முஸ்லிம்கள் தொழுகைக்குப் போவதற்காக ஒதுக்கப்பட்ட நாள், மாரியம்மனுக்கு உகந்த நாளாகவும் இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனியில் உளி பிடித்த தமிழ்ப்பெண்ணுக்குத் தன் அம்மனைப் பட்டப்பகலில் நின்று நிதானமாகக் கும்பிடுகிற நேரத்தை மலாய் மாநிலத்தின் நாட்காட்டி தந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை. ஆனால் அந்தத் தோட்டத்துக் கோயிலின் வாழ்க்கை முழுக்க அதன்மேல்தான் நின்றது. காலையில் கோயில் கூட்டி, கோலம் போட்டு, பொங்கல் வைத்து, மத்தியானம் வரைக்கும் பெண்கள் அங்கேயே இருப்பார்கள். யார் வீட்டில் யார் பேசுவதில்லை, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், எந்த மண்டோர் பாலை எடை குறைத்துப் போடுகிறான், எல்லாம் அங்கேதான் பேசி முடியும். சங்கக் கூட்டத்துக்குப் போனவர் தாத்தா. பாட்டி போன ஒரே கூட்டம் இதுதான்.

ஆண்களுக்கு இந்த ஏற்பாட்டில் வருத்தம் உண்டு. கிடைக்கிற ஒரே லீவு நாளில் வீட்டில் சைவம். தாத்தா அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லையாம். அதனால் கறிச்சட்டி வியாழக்கிழமை இரவே அடுப்பேறிவிடும். கள்ளுக்கடைக்கும் வியாழன் சாயங்காலம்தான் கூட்டம். 1941இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. அந்தக் கோரிக்கையின் அர்த்தம் பாட்டி சொல்லும் வியாழக்கிழமைகளில்தான் எனக்குப் புரிந்தது. "வியாழக்கெழம ராத்திரி லயத்துல எல்லா வீட்டுலயும் சத்தம் கேக்கும். வெள்ளிக்கெழம காலையில யாரும் யாரையும் கேக்க மாட்டோம். மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுக் கோயிலுக்குப் போயிருவோம்." கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை. அதே நேரம், அப்படிக் கேட்காமல் விட்டதால் எத்தனை பெண்கள் எத்தனை வருடம் அடி வாங்கினார்கள் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கோயில் அவர்களுக்கு ஆறுதல் தந்தது. வியாழக்கிழமையை அது நிறுத்தவில்லை.

பக்தி, குடும்பம் என்று நாம் சொல்வதற்குள் பணக்கணக்கும் இருந்தது. 1928இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படைக் கூலியில், போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பாட்டியின் அம்மா வாங்கியது அந்தக் குறைந்த கூலி. சம்பளம் கிராணியின் மேசையிலிருந்து நேராகக் கடைக்காரரின் கடன் புத்தகத்துக்குப் போகும். அதிலிருந்து தப்பித்த பணம் பெண்கள் பிடித்த கூட்டில்தான் சேர்ந்தது. சம்பளம் போட்ட முதல் வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் திண்ணையில் சீட்டு எடுப்பார்கள். இருபது பேர், ஆளுக்குப் பத்து வெள்ளி. எங்கள் நாட்டில் வெள்ளி என்றால் கிழமையும்தான், பணமும்தான். அப்பாவின் பள்ளிச் சப்பாத்து, அத்தையின் தோடு, தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த செலவு, எல்லாம் கூட்டுப் பணம்.

1971இல் இந்தக் கூட்டுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே வந்தது: கூட்டு நிதித் தடைச் சட்டம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை அது தடை செய்தது. சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச்சொல் அப்படியே இருக்கிறது. மலாயில் 'மாயின் கூத்து' என்று சொல்வதும் இதைத்தான். மலேசியச் சட்டப் புத்தகத்துக்குள் தோட்டத்துப் பெண்களின் சொல் ஒன்று போய் உட்கார்ந்திருக்கிறது. பாட்டியிடம் சொன்னேன். "நாங்க யாவாரமா பண்ணுனோம்? கை மாத்துனோம்" என்றார்.

1994இல் ஜொகூரின் வாரவிடுமுறை ஞாயிற்றுக்கு மாறியது. பாட்டி தோட்டத்தில் இருந்த கடைசி வருடங்கள் அவை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். பெரட்டு இல்லாத நாளும் ஞாயிறானது. காலைப் பொங்கல் போய், வெள்ளிக்கிழமை பூசை வேலை முடிந்த சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. அரைமணி நேரத்தில் தீபாராதனை காட்டி அனுப்பிவிடுவார்களாம். சில வருடங்களில் லயமே காலியானது. குடும்பங்கள் டவுன் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு வந்தன. கோயில் நின்ற நிலம் கம்பெனியுடையது என்பதால் அம்மன் செம்பனைக்கு நடுவிலேயே இருந்துவிட்டாள். இப்போது வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் போய் வருகிறோம்.

2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் விடுமுறை மீண்டும் மாறியது, இந்த முறை வெள்ளியும் சனியும். நான் ஐந்தாம் படிவம் படித்த வருடம் அது. பழைய வெள்ளி திரும்பி வந்துவிட்டது என்று பாட்டிக்குச் சந்தோஷம். ஆனால் அந்த வெள்ளி திரும்பவில்லை. அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும்தான் கட்டாயம் மாறின. தனியார் கம்பெனிகள் பலவும் ஞாயிறையே வைத்துக்கொண்டன. எங்களுக்கு வெள்ளி லீவு, அப்பாவுக்கு ஞாயிறு லீவு. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கும் ஞாயிறுதான். பதினொரு வருடம் எங்கள் குடும்பம் ஒரே நாளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்று சொன்னால் மிகையில்லை. 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு.

தோட்டத்தில் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பொதுவான நாளாக இருந்ததற்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே பெரட்டு, ஒரே சம்பள நாள். அந்தக் கெடுபிடிதான் அந்த ஒற்றுமையையும் கொடுத்தது. தோட்டத்து ஒற்றுமை போய்விட்டதே என்று ஏங்கி எழுதப்படும் கதைகளையும் கட்டுரைகளையும் நாம் நிறையப் படித்துவிட்டோம். அவை இந்த இடத்தைத் தாண்டிப் போவதில்லை. அந்த ஒற்றுமை வேண்டும் என்றால் அந்தக் கம்பி வேலியும் சேர்த்து வேண்டும் என்றாகிவிடும். பாட்டி ஒருபோதும் தோட்டத்துக்குத் திரும்பிப்போக ஆசைப்பட்டதில்லை. "அந்த வேலைய யாரு செய்யுறது?" என்பதோடு முடித்துக்கொள்வார்.

எனக்கு முக்கியமாகப்படுவது இன்னொன்று. நாட்காட்டி மூன்று முறை மாறியபோதும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. தோட்ட நிர்வாகம் கேட்கவில்லை, மாநில அரசாங்கம் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை. ஓய்வு நாள் வெள்ளியாக இருந்தாலும் ஞாயிறாக இருந்தாலும், வீட்டு வேலைக்கு ஓய்வு நாள் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அந்த வாரத்துக்குள் அவர் தானாக முடிவு செய்தது இரண்டே விஷயங்கள்தான்: கூட்டும் பூசையும். இரண்டையும் அவர் இன்றுவரை விடவில்லை.

இப்போது அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், பழைய தோட்டத்துப் பெண்கள் ஒன்பது பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஓர் அம்மன் படத்தை வைத்து விளக்கேற்றுகிறார்கள். கூட்டு இப்போது ஆளுக்கு ஐம்பது வெள்ளி. பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கு மாற்றலாமே என்று இந்த வருடம் ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற எட்டுப் பேரும் சம்மதிக்கவில்லை.