நூறாண்டு கழித்தும் வந்து சேரும் மேற்கோள்

1987-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சிறப்பு வெளியீடு ஒன்றில் ஆறு பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் அத்துறையின் ஆய்வாளர்கள் பி. யாதகிரி, கே. அய்யாசாமி. அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளை ஆராய்ந்து, அந்த விலங்குக்கு 'புருகத்காயோசரஸ் மேட்லியை' என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம். அதை ஊன் உண்ணும் டைனோசர் என்று அவர்கள் கருதினார்கள். தழை தின்னும் நீள்கழுத்து இனம் அது என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்கள். எலும்புகளோ தாக்குப்பிடிக்கவில்லை. மென்மையான களிமண்ணும் மணலும் கலந்த படிவிலிருந்து வெளியே எடுத்த பின் அவை உதிர்ந்துபோயின என்ற செய்தி 2017-இல் அச்சில் வந்தது.

எலும்பு போனபின் மிஞ்சியவை அந்த ஆறு பக்கமும், 2022-இல் வெளிவந்த சில பழைய களப் படங்களும்தான். 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு இவ்விலங்கின் எடை 110 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்கிறது. ஐயப்படுவோரும் உண்டு. ஆனால் உலகில் நடந்த மிகப் பெரிய நில விலங்கு எது என்று விவாதிக்கும் எவரும் இன்று கல்லமேட்டுக் கட்டுரையைத் தொடாமல் கடக்க முடியாது.

இனி அந்தக் கட்டுரையைத் தாக்கக் காரணி என்னும் அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். ஓர் ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கணக்கிட, முந்தைய இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை எண்ணி, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இந்தக் கணக்கில் 1987-இல் வந்த கட்டுரைக்கு உயிர் உள்ள காலம் 1988-ம் 1989-ம் மட்டுமே. 2017-இலும் 2023-இலும் வந்த மேற்கோள்கள் எத்தனை ஆனாலும் அதை வெளியிட்ட இதழின் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது.

இந்தியாவின் வட்டார நிலவியல் இதழ்களுடைய கதை இந்த முரணில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 1851-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச்சில் நிலவியல் ஆய்வுத் துறையைத் தொடங்கி நடத்த தாமஸ் ஓல்டாம் கல்கத்தாவில் வந்திறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவரிடம் வேண்டியிருந்தது நிலக்கரி. எனவே ஆய்வுத் துறையின் முதல் கட்டுரைகள் கரி வயல்களைப் பற்றியவை. 'மெமாயர்ஸ்' தொடரின் முதல் தொகுதியில், ஒடிசாவின் தால்ச்சேர் கரி வயலைப் பற்றி பிளான்ஃபோர்ட் சகோதரர்களும் தியோபால்டும் எழுதினார்கள். கரிக்கு அடியில் அவர்கள் கண்டது ஒரு விசித்திரப் படிவு. நுண்ணிய சேற்றுப் பாறைக்குள் பெரும் பெரும் குண்டுக் கற்கள் பதிந்து கிடந்தன. அவற்றைப் பனிக்கட்டி சுமந்து வந்து போட்டிருக்க வேண்டும் என்றார்கள். வெப்ப மண்டலத்தில் பனியா என்று பலர் நம்பவில்லை. 1872-இல் ஃபெடன் என்ற ஆய்வாளர், இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் வட்டாரத்தில் இரை என்னும் ஊருக்கு அருகே, பனியாறு உராய்ந்து கீறிய பாறைத் தளத்தையே கண்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அது ஆய்வுத் துறையின் 'ரெக்கார்ட்ஸ்' இதழில் அச்சேறியது.

அதே 1872-இல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மெட்லிகாட் தன் கையெழுத்துப் படியில் பயன்படுத்திய 'கோண்ட்வானா' என்ற பெயரை, அதே துறையின் ஃபைஸ்ட்மாண்டல் 1876-இல் 'ரெக்கார்ட்ஸ்' இதழில் அச்சிட்டார். ஆஸ்திரிய அறிஞர் எட்வர்ட் சூஸ் அதை எடுத்து, தென் கண்டங்கள் ஒன்றாய்க் கிடந்த பழம்பெரும் நிலப்பரப்புக்குச் சூட்டினார். வேகனரின் கண்டப் பெயர்ச்சிக் கொள்கைக்கு இந்தப் பனியாற்றுத் தடயங்கள் முக்கியச் சான்றாயின. ஒடிசாவின் ஒரு கரி வயலை அளக்கப் போனவர்கள் எழுதியது உலகப் படத்தையே மாற்றிய வாதத்தின் அடித்தளத்தில் போய் நின்றது. இன்று கோண்ட்வானா என்று எழுதும் ஆயிரக்கணக்கானோரில் ஃபைஸ்ட்மாண்டலை அடிக்குறிப்பில் போடுபவர் அரிது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிலையைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவானபின் அதன் மூலத்தை யாரும் சொல்வதில்லை. எந்த மேற்கோள் பட்டியலும் இதைக் கணக்கில் கொண்டுவர முடியாது.

சென்னைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு பல்லாவரத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருந்த கல்லை ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-இல் ஆராய்ந்தார். அதே கல் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் குன்றாகவே நின்றது. அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டு, 1900-இல் 'மெமாயர்ஸ்' 28-ஆம் தொகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் விரிவாக எழுதினார். சென்னைப் புறநகரில் பெயர்பெற்ற பாறை பிறகு அண்டார்க்டிகாவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் நார்வேயிலும் அதே பெயரால் அடையாளம் காணப்பட்டது. அது எப்படி உருவாகிறது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1960-இல் சி. எஸ். பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல்துர்காவில், சாம்பல் நிற நைஸ் பாறைக்குள் திட்டுத் திட்டாகச் சார்னோக்கைட் உருவாகி வருவதைக் காட்டி 'நேச்சர்' இதழில் எழுதினார். அதைப் படிப்பவர் ஹாலந்திடம் திரும்பிப் போயாக வேண்டும். அவரிடம் போகிறவர் பல்லாவரத்துக் குவாரிக்கும் போயாக வேண்டும்.

அரியலூரும் அப்படித்தான். 1862-இல், தால்ச்சேர் சகோதரர்களில் ஒருவரான எச். எஃப். பிளான்ஃபோர்ட் தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரிட்டேசியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். திருச்சிக்கு வடக்கே உள்ள பழைய கோயிலூரான ஊட்டத்தூர் அந்தக் கட்டுரையால் உலக நிலவியல் அட்டவணையில் ஏறியது. 'பேலியண்டாலஜியா இண்டிகா' தொடருக்காகச் செக் நாட்டவரான ஸ்டோலிச்கா அந்த மண்ணின் அம்மனைட்டுகளையும் சங்கு, சிப்பி வகைகளையும் 1873 வரை வரைந்து வருணித்துக்கொண்டே இருந்தார். மறு ஆண்டு யார்க்கண்டு பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக் மலைகளில் இறந்தார். அம்மனைட்டு ஆய்வாளர் அவருடைய படத்தட்டுகளை இன்றும் விரித்துவைத்துத்தான் ஒப்பிடுகிறார். அடுக்குகளைப் பெரும்பாலும் பிளான்ஃபோர்டின் வழியிலேயே இன்றும் பிரிக்கிறார்கள்.

நிலவியலின் இயல்பே இதுதான். ஒரு வேதி வினையை உலகின் எந்த ஆய்வகத்திலும் மறுபடி செய்து பார்க்கலாம். குறிப்பிட்ட ஓடைக்கரையின் பாறையை அந்த ஓடைக்கரையில் மட்டுமே பார்க்க முடியும். முதலில் போனவர் எழுதிவைத்தது அடுத்தவருக்கு வழிகாட்டி. ஓடையில் அணை கட்டப்பட்டாலோ, குன்று குவாரியாகிக் கரைந்தாலோ, அந்த எழுத்து மூலச் சான்றாகவே ஆகிவிடும்.

ஆர். டி. ஓல்டாம், தாமஸ் ஓல்டாமின் மகன், 1897 ஜூன் 12-இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தைப் பற்றி எழுதிய அறிக்கை இதற்கு மற்றொரு சாட்சி. 1899-இல் 'மெமாயர்ஸ்' 29-ஆம் தொகுதியாக வந்த அதில் அவர் மேகாலயப் பீடபூமியின் சிறிய அடையாளங்களைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார். மண்ணில் புதைந்திருந்த கற்கள் குழியின் விளிம்பை உடைக்காமலே வெளியே எறியப்பட்டுக் கிடந்தன. பூமி மேல்நோக்கி உதறிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையே மிஞ்சியிருக்க வேண்டும் என்று அதிலிருந்து அவர் ஊகித்தார். 2001-இல் ரோஜர் பில்ஹாமும் ஃபிலிப் இங்கிலாந்தும் பழைய நில அளவைக் கணக்குகளை மறுபடி போட்டுப் பார்த்து, அந்த நடுக்கத்துக்குக் காரணமான பிளவு பீடபூமியின் வட விளிம்பில் இருந்தது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதற்கு அவர்கள் ஓல்டாம் பிளவு என்று பெயரிட்டார்கள். நூற்றாண்டு கடந்து வந்த அந்த மேற்கோளால் 'மெமாயர்ஸ்' தொடரின் எந்த ஆண்டுக் கணக்கும் உயரவில்லை.

விடுதலைக்குப் பின் ஆய்வின் மையம் நகர்ந்தது. 1951-இல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரம் எம். எஸ். கிருஷ்ணன். அதற்குமுன் 1943-இலேயே அவர் எழுதிய 'இந்திய, பர்மா நிலவியல்' என்ற நூல் அந்தப் பழைய தொகுதிகளின் சாரத்தைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளில் கொடுத்தது. 1958-இல் பெங்களூரில் இந்திய நிலவியல் கழகம் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் டி. என். வாடியா. மறு ஆண்டு அதன் ஆய்விதழ் வெளிவந்தது. பி. பி. ராதாகிருஷ்ணா பல பத்தாண்டுகள் அதைத் தன் தோளில் தாங்கினார். மைசூர் நிலவியலாளரான அவரது கையில், தென்னிந்தியாவின் முந்நூறு கோடி ஆண்டுப் பழம்பாறைகள் அந்த இதழின் நெஞ்சுப் பகுதியாயின. 1983-இல் கழகம் வெளியிட்ட 'தென்னிந்தியாவின் பிரிகேம்பிரியன்' தொகுப்பை இன்றும் தார்வார் பாறைகளில் வேலை செய்பவர்கள் நாடுகிறார்கள். அண்மைக் காலமாக இதழின் பக்கங்களில் நிலத்தடி நீரும் அதிலுள்ள ஃபுளோரைடும் செயற்கைக்கோள் படங்களும் அதிகம் இடம்பிடிக்கின்றன. மக்களின் தேவைக்கேற்ப ஆய்வு திரும்புவது நல்லது. ஆனால் அடிப்படைக் களவரைவுக் கட்டுரைகள் குறைந்தால், அடுத்த நூற்றாண்டில் யாரும் திரும்பிப் போக ஒன்றும் இருக்காது.

இந்த இதழ் விவாதத்துக்கு அஞ்சவில்லை என்பதும் பதிவாக வேண்டும். 1979-இல் யாதகிரியும் அய்யாசாமியும் திருச்சிராப்பள்ளி அடுக்கில் கிடைத்த எலும்பை, முதுகில் தகடுகள் கொண்ட டைனோசர் என்று இதில்தான் எழுதினார்கள். திராவிடநாட்டையும் பிளான்ஃபோர்டையும் சேர்த்து, 'திராவிடோசரஸ் பிளான்ஃபோர்டி' என்று பெயரிட்டார்கள். 1996-இல் சங்கர் சாட்டர்ஜியும் டி. கே. ருத்ராவும் அது கடல் ஊர்வனவான ப்ளீசியோசர் எலும்பு என்றார்கள்.

அதைவிடப் பெரிய புயல் 1998-இல் எழுந்தது. டேராடூன் வாடியா நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஜே. ஆஸ்மி, மத்திய இந்தியாவின் கீழ் விந்தியப் பாறைகளில் கேம்பிரியன் காலத்துச் சிறிய ஓட்டு உயிர்களைக் கண்டதாக இதே இதழில் எழுதினார். கேம்பிரியன் காலம் தொடங்கி 54 கோடி ஆண்டுகளே ஆகின்றன. அப்பாறைகளோ நூறு கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை என்று பலர் நம்பினார்கள். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. 2002-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஸிர்கான் படிகங்களின் வயதை அளந்தன. கீழ் விந்தியத்தின் வயது ஏறத்தாழ 160 கோடி ஆண்டு என்று தெரிந்தது. ஆஸ்மி சொன்ன காலம் தவறு. ஆனால் 2009-இல் ஸ்டீபன் பெங்ட்சன் குழு சித்திரகூடப் பகுதியின் மாதிரிகளைச் சின்க்ரோட்ரான் ஒளியில் ஆராய்ந்து, புதைபடிவங்கள் உண்மையானவை, அவற்றின் காலம்தான் நூறு கோடி ஆண்டுக்கு மேல் முந்தியது என்று எழுதியது. பாசி போன்ற பழம்பெரும் உயிர்களின் தடயம் அது. ஆஸ்மி கட்டுரையை அச்சேற்றாமல் தடுத்திருந்தால் அந்த மாதிரிகளைத் தேடி யாரும் சித்திரகூடம் போயிருக்க மாட்டார்கள். தவறான முடிவையும் சரியான பாறைத் தொகுதியையும் ஒருங்கே பதித்த ஒரு கட்டுரைக்கு இரண்டாண்டுக் கணக்கில் என்ன மதிப்பெண் தருவது?

இந்தக் கணக்கை உருவாக்கிய யூஜீன் கார்ஃபீல்ட் 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தார். 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளியானது. எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது, நூலகம் எவற்றை வாங்குவது என்று முடிவு செய்யவே தாக்கக் காரணி முதலில் பயன்பட்டது. பின்னால் அது தனிமனிதர்களின் பதவி உயர்வுக்குப் போனது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறையில் இதழின் தாக்கக் காரணி கூடக் கூட ஆசிரியரின் புள்ளியும் கூடியது. 2013-இல் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் எண்ணை வைத்து மனிதரை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. அதற்குள் இந்திய நிலவியல் துறைகளில் ஒரு பழக்கம் வேர்விட்டிருந்தது. சுவையான முடிவு வெளிநாட்டு இதழுக்கு. களவரைவும் பாறை வரிசை விவரமும் எழுதப்படாமல் நோட்டுப் புத்தகத்தில்.

இது பெரும் இழப்பு. அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்கள் ஆண்டுதோறும் புதிய அடுக்குகளைத் திறக்கின்றன. அவற்றையே அடுத்த சில ஆண்டுகளில் வெட்டித் தீர்க்கின்றன. பிளான்ஃபோர்டு நின்று பார்த்த வரிசைகளில் சில இன்று இல்லை. அங்கே இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் அடுக்கடுக்காக அளந்து, எந்தக் கிராமம், எந்த ஓடை, எத்தனையாவது மீட்டர், எந்தச் சிப்பி என்று எழுதினால், அதை உடனே மேற்கோள் காட்ட ஆள் இருக்காது. முப்பது ஆண்டு கழித்துத் தேடி வருவார்கள். அப்போது அந்தக் குன்று இருக்காது.

நிலவியல் துறைத் தலைவர்களும் மதிப்பீட்டுக் குழுக்களும் இந்தத் துறைக்கென்று தனி அளவுகோலை ஏற்க வேண்டும்: ஒரு கட்டுரை எந்த இடத்தைப் பதிவு செய்தது, அந்த இடம் பற்றி வேறு பதிவு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் 'மெமாயர்ஸ்', 'ரெக்கார்ட்ஸ்' தொகுதிகளைப் பழைய தாள் என்று கழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் களப்பணி செய்யும் மாணவர்கள் இந்த ஆண்டே, சுரங்கம் எட்டுவதற்குள், தங்கள் களக்குறிப்புகளை எழுதி வட்டார இதழ்களுக்கு அனுப்பத் தொடங்க வேண்டும்.