வரி ஏலத்தில் விலை ஏன் குறைகிறது: அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஒரு தேடல்

அமெரிக்காவில் பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு நிலையம் எல்லாவற்றுக்கும் பெருமளவு படியளப்பது சொத்து வரி. அது பாக்கி விழுந்தால் உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் ஏலம். சில மாநிலங்களில் வீடே ஏலத்துக்கு வரும். வேறு சிலவற்றில் பாக்கியை வட்டியோடு வசூலிக்கும் உரிமை மட்டும் விற்கப்படும். ஃப்ளோரிடாவில் வட்டி 18 சதவீதத்தில் தொடங்கி, குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொள்பவருக்குப் போகும். வீடு விற்கும் ஏலங்களில் சந்தை மதிப்பில் பாதிக்கும் கீழே சொத்து கைமாறுவது புதிதல்ல. உள்ளே போய்ப் பார்க்க முடியாது, பணத்தை உடனே கட்ட வேண்டும், போட்டியாளர்கள் குறைவு என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல; ஆனால் மேலோட்டமானவை. ஏல விலையைக் கீழே இழுப்பது, ஏலம் எடுத்தவருக்கு எப்படிப்பட்ட உரிமை கிடைக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் சட்டமே. இருநூறு ஆண்டு வழக்குகளைத் தொடர்ந்து படித்தால், விலைக்கும் மதிப்புக்கும் இடையிலான அந்தப் பள்ளத்தை யார் தலையில் கட்டுவது என்ற இழுபறிதான் வரி ஏலத்தின் வரலாறு என்பது தெரியவரும்.

தொடக்கத்தில் சுமை வாங்கியவர் மீதுதான் இருந்தது. 1808இல் ஜார்ஜியா மாநில நிலம் பற்றிய ஸ்டெட் எதிர் கோர்ஸ் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் வரித் தண்டலரின் அதிகாரத்தைக் குறுக்கி வரைந்தார்: ஒரு துண்டை விற்றாலே பாக்கி தீரும் என்றால் முழு நிலத்தையும் விற்கத் தண்டலருக்கு அதிகாரமில்லை. 1819இல் வில்லியம்ஸ் எதிர் பெய்டன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார். அறிவிப்பு முதல் ஏலம் வரை ஒவ்வொரு நடைமுறையும் சட்டப்படி நடந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் ஏலத்தில் எடுத்தவரே; கையில் பத்திரம் இருப்பது மட்டும் போதாது. விளம்பரத்தில் ஒரு நாள் பிசகினாலும் கைவிட்டுப் போகக்கூடிய நிலத்துக்கு யார் நல்ல விலை கேட்பார்கள்? உரிமையாளரைக் காக்க வந்த விதிகள், சுற்றிவளைத்து அவருடைய நிலத்தின் ஏல விலையையே குறைத்தன.

இதற்கு மிகப் பெரிய சான்று ஆர்லிங்டன். தென் மாநிலப் படைத்தலைவர் ராபர்ட் இ. லீயின் மனைவிக்கு உரிய, சுமார் 1,100 ஏக்கர் பண்ணை அது. 1862ஆம் ஆண்டின் நேரடி வரிச் சட்டப்படி விதிக்கப்பட்ட வரி 92 டாலர் 7 சென்ட். உறவினர் ஒருவர் மூலம் பணம் அனுப்பப்பட்டது. உரிமையாளர் நேரில் வந்து கட்ட வேண்டும் என்று சொல்லி ஆணையர்கள் வாங்க மறுத்தனர். 1864 ஜனவரியில் நடந்த ஏலத்தில் கூட்டரசே 26,800 டாலருக்கு எடுத்தது. அங்கே கல்லறைகள் எழுந்தன, இராணுவம் குடியேறியது. ஆனாலும் 1882இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்த விற்பனை செல்லாது என்றது. பிறர் மூலம் செலுத்த வந்த வரியை மறுத்தது சட்ட விரோதம் என்பதே காரணம். அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் லீயின் மகனுக்கு 1,50,000 டாலர் கொடுத்து நிலத்தை மறுபடியும் வாங்கியது. நாட்டின் அரசுக்கே ஏலப் பத்திரம் பதினெட்டு ஆண்டுக்குப் பின் உதவவில்லை என்றால், சாதாரண ஏலதாரர் எதை நம்பித் தொகையை ஏற்றிக் கேட்பார்?

மாநிலச் சட்டமன்றங்கள் இந்தச் சிக்கலை உணர்ந்தே இருந்தன. ஏலம் கேட்க ஆள் வரவேண்டுமானால் பத்திரத்துக்கு வலு வேண்டும். ஆகவே, ஏலப் பத்திரமே நடைமுறை சரியாக நடந்ததற்கான முதல்நிலைச் சான்று என்று மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன; மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரிடமிருந்து பழைய உரிமையாளருக்கு மாறியது. சில மாநிலங்கள் இன்னும் துணிந்து, கெடு தாண்டினால் சொத்து முழுவதும் அரசுக்கே என்றன. மின்னசோட்டா 1935இல் அந்த வழிக்கு வந்தது. எஞ்சிய தொகை உரிமையாளருக்கே சேரும் என்று அதே மாநில உச்ச நீதிமன்றம் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தும், சட்டம் அதைத் துடைத்தெறிந்தது. 1956இல் நெல்சன் எதிர் நியூயார்க் நகரம் வழக்கில், 65 டாலர் தண்ணீர்க் கட்டண பாக்கிக்காக எடுத்த மனையை நகரம் 7,000 டாலருக்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. மிச்சத்தைக் கேட்டுப் பெற நகரச் சட்டத்தில் வழி இருந்தது, உரிமையாளர் அதைப் பயன்படுத்தவில்லை என்ற குறுகிய காரணத்தால் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. அடுத்த அறுபது ஆண்டுகளுக்குக் கவுண்டிகள் எனப்படும் உள்ளூர் நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பை அதன் தகுதிக்கு மீறிய கேடயமாகப் பிடித்துக்கொண்டன.

பழைய காப்பு சரிந்த இடத்தில் நீதிமன்றங்கள் புதிதாக ஒன்றைக் கட்டின: அறிவிப்பு. 1983இல் இந்தியானாவின் மென்னனைட் வழக்கில், அடமானம் பிடித்தவருக்கும் ஏல அறிவிப்பு நேரடியாகப் போக வேண்டும், செய்தித்தாள் விளம்பரம் போதாது என்று தீர்ப்பானது. 2006இல் ஜோன்ஸ் எதிர் ஃப்ளவர்ஸ் வழக்கில், ஆர்கன்சா அரசு அனுப்பிய பதிவுத் தபால் வாங்குவாரின்றித் திரும்பி வந்தது. அரசு கைகட்டி இருந்தது. சுமார் 80,000 டாலர் பெறும் வீடு 21,042 டாலருக்குப் போயிற்று. தபால் திரும்பியது தெரிந்த பிறகும் வேறு முயற்சி செய்யாதது தவறு என்றது உச்ச நீதிமன்றம். நியாயமான தீர்ப்புகள்தாம். ஆனால் பத்திரத்தின் மேல் பழைய ஐயம் வேறு வடிவில் திரும்பிவிட்டது. இன்று வரி ஏலத்தில் எடுத்த வீட்டைத் தெளிந்த உரிமையோடு விற்க, பல மாநிலங்களில் வாங்கியவர் மறுபடியும் நீதிமன்றம் போய் உரிமையை உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் செலவையும் கழித்துத்தான் ஏலத்தில் தொகை கேட்பார்.

2023 மே 25 அன்று வந்த டைலர் எதிர் ஹென்னபின் கவுண்டி தீர்ப்பை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். மினியாபொலிஸில் 94 வயது மூதாட்டி ஒருவரின் அடுக்குமாடிக் குடியிருப்பு மீதான வரி பாக்கி சுமார் 2,300 டாலர்; அபராதம், வட்டி, செலவு சேர்ந்து 15,000 டாலராயிற்று. வீடு 40,000 டாலருக்கு விற்றது. மீதி 25,000ஐயும் கவுண்டி வைத்துக்கொண்டது. பாக்கிக்கு மேற்பட்ட தொகையை எடுத்துக்கொள்வது ஈடு கொடுக்காமல் சொத்தைப் பறிப்பது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். மேக்னா கார்ட்டாவிலிருந்து சரடு பிடித்து வந்த தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், 36 மாநிலங்களும் கூட்டரசும் மீதியைத் திருப்பித் தருவதையும் சுட்டினார். 2020இலேயே மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ரஃபேலி வழக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தது. அங்கே தொடக்கப் பாக்கி வெறும் 8 டாலர் 41 சென்ட், வீடு விற்றதோ 24,500 டாலருக்கு.

வீட்டுக்காரர் தாமே விற்றுக் கடனை அடைத்திருக்கலாமே என்று ஓர் எதிர்வாதம் உண்டு. மின்னசோட்டாவில் மீட்க மூன்று ஆண்டு அவகாசமும் இருந்தது. ஆனால் தவறியவருக்கான தண்டனையைத்தான் அபராதமும் வட்டியும் ஏற்கெனவே விதித்துவிட்டனவே. 2,300ஐ 15,000 ஆக்கியவை அவைதாம். முழு வீட்டையும் இழக்கும் அச்சம் இல்லையென்றால் யாரும் வரி கட்டமாட்டார்கள் என்ற வாதம் இதைவிட வலுவானது. இதற்கு விடை, நெடுங்காலமாக மீதியைத் திருப்பித் தரும் மாநிலங்களே. அங்கே வரி வசூல் குலைந்து போய்விடவில்லை. வீடு கைவிட்டுப் போகும் என்ற அச்சம் அங்கும் இருக்கிறது, லாபத்துக்கு இடமில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆனால் டைலர் தீர்ப்பு இழுபறியின் பாதியைத்தான் தீர்த்தது. திருப்ப வேண்டியது ஏல விலைக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசமா, சந்தை மதிப்புக்கும் பாக்கிக்கும் உள்ள வித்தியாசமா? ஏலத்தில் வந்த பணத்துக்கு மேல் கேட்க முடியாது என்று ரஃபேலி தீர்ப்பு வெளிப்படையாகவே சொன்னது. 80,000 டாலர் வீடு 21,000 டாலருக்குப் போனால், அந்த அளவுகோலின்படி 59,000 டாலரை உரிமையாளர் இழக்கிறார். அது அரசுக்கும் போகவில்லை, ஏலதாரருக்குப் போகிறது. விலையைத் தாழ்த்துவது பத்திரத்தைப் பற்றிய சட்டமே என்றால், அந்த இழப்பைச் சந்தையின் செயல் என்று ஒதுக்குவது பொருந்தாது. உரிமையைத் தெளிவுபடுத்தியபின், தரகர் மூலமாகவோ விரிந்த விளம்பரத்தோடோ அரசே விற்கட்டும். அல்லது ஏலத்துக்கு அடிமட்ட விலை ஒன்று வைக்கட்டும். இரண்டையும் செய்யாத கவுண்டி, தான் உண்டாக்கிய தள்ளுபடியை இன்னொருவர் வீட்டிலிருந்து வழங்குகிறது.