கிளைத்தொடரும் வழித்துணையும்: ‘ஸீனா’ தொலைக்காட்சித் தொடரின் இந்தியப் பயணம்

ஒரு தொலைக்காட்சித் தொடரின் துணைமாந்தர் மற்றொரு தொடரின் தலைமைமாந்தராக வளர்வதைக் கிளைத்தொடர் எனலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மகளாக மட்டும் அறிமுகமாகும் மணிமேகலை தனிக் காப்பியத்தின் தலைவியானதை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. அமெரிக்கத் தயாரிப்பாக நியூசிலாந்தில் படமாக்கப்பெற்ற ‘ஸீனா: வாரியர் பிரின்சஸ்’ (1995-2001) இவ்வகையைச் சார்ந்தது. கிரேக்கத் தொன்மங்களை நகைச்சுவையோடு கலந்து தந்த ‘ஹெர்குலிஸ்: தி லெஜண்டரி ஜர்னீஸ்’ (1995-1999) இதன் தாய்த்தொடராகும். தாய்த்தொடர் 111 பகுதிகளில் முடிய, கிளைத்தொடர் 134 பகுதிகள் நீண்டது.

ஸீனா தாய்த்தொடரில் முதலில் தோன்றியது மூன்று பகுதிகளில். கொள்ளைப்படைத் தலைவியாக வரும் அவள், ஹெர்குலிஸையும் அவன் தோழன் அயோலஸையும் பிரித்து ஹெர்குலிஸைக் கொல்ல முயல்கிறாள். மூன்றாம் பகுதியில் அவளை இறக்கச் செய்வதே முதல் திட்டம். அத்திட்டம் கைவிடப்பட்டு, திருந்திய ஸீனாவிற்கெனத் தனித் தொடர் உருவாயிற்று. வழித்துணைவர் இருவரைப் பிரிக்க வந்தவளுக்கே ஒரு வழித்துணை தேவைப்பட்டது என்பது சுவையான முரண்.

அத்துணை கேப்ரியேல் என்னும் சிற்றூர்ப் பெண். முதற்பகுதியில் ஸீனா தன் படைக்கலங்களை மண்ணில் புதைக்கிறாள். ஊர்ப்பெண்களைச் சிறைப்பிடிக்க வந்த வீரரைக் கண்டு மீண்டும் எடுக்கிறாள். பின்னர்த் தன் சொந்த ஊர் மக்களே அவளைக் கல்லெறிந்து கொல்ல முற்படுங்கால், கேப்ரியேல் பேச்சினாலேயே அவளை மீட்கிறாள். வாளுக்கு ஒருத்தி, சொல்லுக்கு ஒருத்தி என்னும் பகுப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கேப்ரியேல் கதைசொல்லி, பயண நிகழ்ச்சிகளைச் சுருள்களில் எழுதி வருபவள். தொடரின் எள்ளலும் பெரும்பாலும் இவ்விருவரின் வழிநடை வாழ்விலிருந்தே பிறக்கிறது. இரண்டாம் பருவத்தின் ஒரு பகுதி இருவரின் ஒருநாள் வாழ்வை மட்டுமே காட்டும். தன் வாணலியைச் சண்டையில் பயன்படுத்திப் பாழாக்கிவிட்டாள் என்று கேப்ரியேல் சினப்பதும், இடையே ஓர் அரக்கனைப் பட்டம் விட்டு மின்னலால் வீழ்த்துவதும் அதில் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன.

காலவழு இத்தொடரின் குறையன்று, அதன் முறை. டிராய்ப் போரும் ஜூலியஸ் சீசரும் விவிலியத்துத் தாவீதும் ஒரே இருவரின் வழியில் குறுக்கிடுவர். இதற்கு எவரும் பெரிதாகச் சினந்ததில்லை. கிரேக்கத் தெய்வங்களை நகைப்பதற்கு இன்று பெரிய தடையில்லை. அவற்றின் கோயில்கள் பெரும்பாலும் இடிபாடுகளாகிவிட்டன.

நான்காம் பருவத்தில் இருவரும் இந்தியா வந்தபோது இந்நிலை மாறியது. 1999 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி வே’ என்னும் பகுதியில் அனுமனும் கண்ணனும் கதைமாந்தராயினர். இந்திரசித்து அரக்கர் தலைவனாக வர, ஸீனா கண்ணனை வேண்டிப் பல கைகளுடைய காளி வடிவம் பெற்று அவனை வெல்கிறாள். இராமாயண மாந்தரும் கண்ணனும் ஒருங்கே வருவது மட்டும் பிழையெனக் கொள்ளவியலாது. மகாபாரதமே அனுமனை வீமன்முன் நிறுத்தியுள்ளது. எதிர்ப்பு எழுந்தது வேறொரு காரணத்தால். நாள்தோறும் வழிபடப்பெறும் தெய்வங்களைக் கிரேக்கத் தெய்வங்களைப் போலப் புனைவுப் பாத்திரங்களாக்கிவிட்டனர் என்று அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் வாழ்ந்த இந்துக்கள் சிலர் முறையிட்டனர். தயாரிப்பு நிறுவனம் அப்பகுதியைத் திரும்பப் பெற்றது. அதனை மறைக்கலாகாது எனத் தொடரின் சுவைஞர்களும் குரல் எழுப்பினர். பின்னர்ச் சில வெட்டுகளோடும் ஓர் அறிவிப்போடும் அப்பகுதி மீண்டும் ஒளிபரப்பாயிற்று.

முறையிட்டோரின் மனக்குறை பொருளற்றதன்று. ஆயினும் இப்பூசலில் கவனிக்கப்படாமற்போனது ஒன்றுண்டு. தொடரின் பிற நாட்டுப் பகுதிகள் பலவற்றைவிட இப்பகுதி தான் புகுந்த நாட்டின் சிந்தனையைக் கருத்தோடு கையாள முயன்றது. போர்வழியே உன் வழி எனக் கண்ணன் ஸீனாவிற்கு உணர்த்துவதில் கீதையின் சாயலைக் காணலாம். அதே பகுதியின் இறுதியில் கேப்ரியேல் இன்னா செய்யாமையை மேற்கொண்டு தன் கைக்கோலை ஆற்றில் எறிகிறாள். ஒன்றாக நடந்த இருவரின் அறங்கள் இந்திய மண்ணில் இரண்டாகின்றன. எள்ளலை நம்பி வளர்ந்த தொடர் அவ்விடத்தில் எள்ளலை ஒதுக்கிவைத்தது.

அந்நோன்பு நீடிக்கவில்லை. அதே பருவத்தின் இறுதியில் ஸீனா அடிபட்டு வீழ்ந்தபோது, அவளைக் காக்கக் கேப்ரியேல் படைவீரரைக் கொல்கிறாள். பின்னர் இருவரும் உரோமரால் சிலுவையில் அறையப்படுகின்றனர். ஒரு கொள்கை துணையின் பொருட்டு முறியும் இக்காட்சி, தொடரின் மிகக் கனமான காட்சிகளுள் ஒன்று.

ஸீனாவின் தனிப்படைக்கலம் எறிவட்டு. தொடரில் அதற்குப் பெயர் ‘சக்ரம்’. சொல் வடமொழியது, வடிவம் சீக்கிய வீரர் தலைப்பாகையில் அணிந்த எறிவளையத்தை ஒத்தது. இந்தியா என்னும் நாடு கதைக்குள் வருவதற்கு முன்பே அதன் கருவி முதற்பகுதி தொட்டுத் தலைவியின் இடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எவரும் மறுப்புரைத்ததில்லை. 2001 ஜூனில் ஒளிபரப்பான நிறைவுப் பகுதியில் ஸீனா ஜப்பானில் மடிகிறாள். சுருள் எழுதி வந்த கேப்ரியேல், தோழியின் சாம்பலோடும் அச்சக்கரத்தோடும் எகிப்தை நோக்கிக் கப்பலேறுகிறாள்.